கான்பெர்ராவின் ஓக் மரத்தடியில் முளைத்தது வைக்கோல் காளான் அல்ல

2011 டிசம்பர் 31. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெர்ராவில் ஓர் உணவகத்தின் சமையல்காரர், உடன் வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதற்காகப் புத்தாண்டு விருந்து சமைத்தார். சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர். வெளியில் முளைத்திருந்த காளான்களைப் பறித்து வந்து அன்றைய வதக்கலில் சேர்த்தார். சீனச் சமையலில் சாதாரணமாகப் புழங்கும் வைக்கோல் காளான் என்றே அவற்றை நினைத்திருந்தார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் யாருக்கும் அது பரிமாறப்படவில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே அவரும் சக ஊழியர் ஒருவரும் சிட்னி மருத்துவமனையில், மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருந்த நிலையில் இறந்துபோனார்கள். அதே உணவைச் சாப்பிட்ட இன்னொருவர் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்.

அவர்கள் தட்டில் இருந்தது அமானிட்டா ஃபல்லாய்டிஸ். ‘டெத் கேப்’ என்று உலகம் முழுக்க அறியப்படும் காளான். காளான் விஷத்தால் உலகில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே இனம்தான் காரணம். ஆஸ்திரேலியா, டெத் கேப் என்றவுடன் பலருக்கு 2023 ஜூலையில் லியோன்கத்தாவில் நடந்த மதிய விருந்து நினைவுக்கு வரும். அதில் மூன்று பேர் இறந்தார்கள். விருந்து வைத்தவரைக் கொலைக் குற்றவாளி என்று 2025-இல் ஜூரி அறிவித்தது. அது வேறு கதை. கான்பெர்ராவில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. சமைத்தவரே முதலில் நம்பிச் சாப்பிட்டார். காட்டுக்காளான் பறிக்கிறவர்கள் படிக்க வேண்டிய நிகழ்வு இதுதான் என்று நான் நினைக்கக் காரணம் அதுவே. காளான் தெரியாத ஒருவர் இங்கே ஏமாறவில்லை. ஒரு காளானை நன்றாகத் தெரிந்த ஒருவர் ஏமாந்தார்.

இரண்டு காளான், ஒரே முட்டை

வைக்கோல் காளான் நமக்கும் புதிதில்லை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1940-களிலேயே இதை வைக்கோல் படுக்கையில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வெப்பம் பிடித்த காளான். முப்பது டிகிரிக்கு மேல் போனால்தான் செழித்து வளரும். சிப்பிக்காளானும் பால் காளானும் சந்தையைப் பிடித்த பிறகு நம் பக்கம் அதன் புழக்கம் குறைந்துவிட்டது. கிழக்காசியாவிலோ இன்றும் அன்றாடக் காய்.

இந்தக் காளானை விரிந்தபின் சாப்பிடுவதைவிட மொட்டாக இருக்கும்போதே பறிப்பதுதான் வழக்கம். அந்த மொட்டு ஒரு சிறு முட்டை மாதிரி இருக்கும். காளான் முழுவதையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். வளர வளர உறை கிழிந்து தொப்பி மேலே வரும்; கிழிந்த உறை தண்டின் அடியில் ஒரு பை போலத் தங்கிவிடும். இதை அடிப்பை என்று வைத்துக்கொள்வோம்.

டெத் கேப்பும் அச்சாக இப்படித்தான் பிறக்கிறது. அதற்கும் முட்டைப் பருவம் உண்டு, உறை உண்டு, அடிப்பை உண்டு. உலகத்தில் எங்கோ வயலில் வைக்கோல் காளான் பறித்துப் பழகிய கை, கான்பெர்ராவில் ஒரு மண்மேட்டில் இந்த முட்டையைப் பார்த்தால் தயங்காமல் நீளும். “அடியில் பை இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் சரிதான்.” ஐரோப்பாவில் அடிப்பையைப் பார்த்தாலே தொடாதே என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள். கிழக்காசிய வயலில் அதே அடிப்பைதான் உண்ணத்தக்கது என்பதற்கு அடையாளம். கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் இதே குழப்பத்தில் பலமுறை சிக்கியிருப்பதில் வியப்பில்லை.

வளர்ந்த காளானாக இருந்தால் வித்தியாசம் தெளிவாகவே தெரியும். வைக்கோல் காளானின் தொப்பி சாம்பலும் பழுப்புமாக இருக்கும், மேலே நுண்ணிய கோடுகள் ஓடும். தொப்பிக்கு அடியில் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும் செவுள்கள் முதலில் வெள்ளை, பிறகு அவற்றில் வித்து (காளான் பரவ உதவும் நுண்தூள்) முதிர முதிர இளஞ்சிவப்பாகும். தண்டில் வளையம் கிடையாது. டெத் கேப்பின் தொப்பி பெரும்பாலும் வெளிர்பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சை. சில சமயம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். செவுள்கள் கடைசிவரை வெள்ளை. தண்டின் மேற்பகுதியில் பாவாடை போல ஒரு மெல்லிய வளையம் தொங்கும். மழையில் அது உதிர்ந்தும் போகலாம். வித்துத்தூள் வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, டெத் கேப்புக்கு வெள்ளை.

இப்போது சிக்கலைக் கவனியுங்கள். முட்டைப் பருவத்தில் வித்துத்தூள் இன்னும் உருவாகியிருக்காது. இரண்டுக்குமே செவுள் வெள்ளைதான். வளையம் உறைக்குள் மடிந்து கிடக்கும். நம்பகமான அடையாளங்கள் மூன்றும் எந்தப் பருவத்தில் மறைந்திருக்கின்றனவோ, அதே பருவத்தில்தான் வைக்கோல் காளானைப் பறிக்கிறார்கள். எஞ்சியிருப்பது உறையின் நிறம். வைக்கோல் காளானின் முட்டை பொதுவாக மேற்பக்கம் கரும்பழுப்பாகவும் கீழே வெளுத்தும் இருக்கும். டெத் கேப் முட்டை வெள்ளை. ஆனால் உறை உரித்து டப்பாவில் வருகிற வைக்கோல் காளான் வெளிறித்தான் இருக்கும். கண்ணுக்கு அந்த உருவமும் பழகியிருந்தால், வெள்ளை முட்டை உறுத்தாது.

ஆகவே முட்டைப் பருவத்திலுள்ள எந்தக் காட்டுக்காளானையும் உணவுக்காகப் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. விரியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மரம் சொன்ன தகவல்

காளானின் உடம்பைவிட அது முளைத்த இடமே இந்த நிகழ்வில் தெளிவான சாட்சி. வைக்கோல் காளான் மட்கும் பொருளைத் தின்று வாழ்வது. வைக்கோல், சருகு, உரக்குவியல் என்று எங்கே தாவரக் கழிவு மட்குகிறதோ அங்கே வரும். உயிருள்ள மரத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. டெத் கேப் அப்படியில்லை. அதன் இழைகள் உயிருள்ள மரத்தின் வேர்நுனிகளைச் சுற்றிப் படர்ந்து, மண்ணிலிருந்து சத்தை மரத்துக்கு எடுத்துக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையை வாங்கி வாழ்கின்றன. அதற்குப் பிரியமான மரம் ஓக்.

ஆஸ்திரேலியாவின் சொந்தக் காடுகளில் ஓக் கிடையாது. கான்பெர்ரா 1913-க்குப் பிறகு திட்டமிட்டு எழுப்பிய நகரம். வெட்டவெளியாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். அவற்றில் ஐரோப்பிய ஓக் மரங்களும் உண்டு. ஐரோப்பாவைச் சொந்த ஊராகக் கொண்ட டெத் கேப்பும் அந்த மரங்களின் துணையோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது. இன்று அந்த நகரத்தில் சாலையோரத்திலும் பூங்காவிலும் வீட்டு முற்றத்திலும் ஓக் நிற்கிற இடமெல்லாம் அது வரலாம். ஆக, காட்டுக்குள் நடக்காமலேயே, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒருவர் அதைப் பறிக்க முடியும்.

பருவமும் குழப்பியது. அங்கே இலையுதிர் காலமான மார்ச் முதல் மே வரைதான் வழக்கமாக டெத் கேப் தலைகாட்டும். அந்த ஆண்டுக் கோடையிலோ நல்ல மழை. டிசம்பர் இறுதியில் அதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மாதத்தை வைத்துக் காளானை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டாம். காளானுக்கு நாட்காட்டி தெரியாது. ஈரமும் வெப்பமும்தான் தெரியும்.

பறிக்கிறவர் நின்று தலைநிமிர்ந்து “இது எந்த மரம்? இந்த மரத்தடியில் என்னென்ன விஷக்காளான் வரும்?” என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் பழகிய கண் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ‘எனக்குத் தெரிந்த காளான் மாதிரி இருக்கிறதா’ என்றுதான் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதில் மிகச் சுலபமாகக் கிடைத்துவிடும். இந்த மண்ணில் இதைப் போலவே இருக்கும் கொலைகாரக் காளான் எது, அது இதுவல்ல என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்டால்தான் பறிக்கிற கை நிற்கும். ஊர் மாறினால் இந்தக் கேள்விக்கான பதிலும் மாறிவிடும். சொந்த ஊரில் முப்பது வருடம் பறித்த அனுபவம் புது ஊரில் முதல் நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

விருந்து முடிந்த பிறகு

டெத் கேப் சுவையாக இருக்கும் என்று, சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கசப்பு, காரல், கெட்ட வாடை என எந்த எச்சரிக்கையும் கிடையாது. நஞ்சின் பெயர் அமாடாக்சின். வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.1 மில்லிகிராம் போதும், உயிர் போக. வளர்ந்த ஒரே காளானில் அந்த அளவு இருக்கக்கூடும்.

சாப்பிட்டு ஆறு மணி நேரம் வரை பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கடும் வாந்தியும் தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். புத்தாண்டு இரவு சாப்பிட்டவருக்கு மறுநாள் வயிறு கலங்கினால், முந்தைய இரவுக் காளானை யார் சந்தேகப்படுவார்கள்? காலையில் சாப்பிட்டதையோ தண்ணீரையோ குறைசொல்லத் தோன்றும்.

அதைவிடக் கொடுமை அடுத்த கட்டம். ஒரு நாள், ஒன்றரை நாளில் வாந்தியும் போக்கும் தணிந்துவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். வீட்டுக்குப் போகிறேன் என்பார். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது. செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய மரபணுவின் செய்தியைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் நொதியை அமாடாக்சின் முடக்கிவிடுகிறது. புரதம் இல்லாமல் செல் சாகிறது. கல்லீரல் நஞ்சைப் பித்தத்தோடு குடலுக்குத் தள்ளும். குடல் அதை மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பும். இப்படி ஒரே நஞ்சு சுற்றிச் சுற்றித் தாக்குகிறது. மூன்றாம் நாளுக்கு மேல் மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, மனக்குழப்பம், சிறுநீரகச் செயலிழப்பு என்று போகும்.

சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்ற சமாதானம் எந்த அளவுக்குப் பொய் என்பது இதிலிருந்து தெரியும். கொஞ்சம் சுவைத்துப் பார்த்து ஒரு மணி நேரம் காத்திருந்து சமைக்கலாம் என்ற யோசனை, இந்தக் காளான் விஷயத்தில் தற்கொலைக்குச் சமம்.

சிகிச்சையில் முறிவு மருந்து என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய நீரேற்றம், குடலில் நஞ்சு சுற்றுவதைத் தடுக்கக் கரித்தூள், கல்லீரல் செல்லுக்குள் நஞ்சு நுழைவதைக் குறைக்கும் சிலிபினின் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இவையும் எட்டாத நிலையில் கல்லீரல் மாற்று ஒன்றே வழி. கான்பெர்ராவின் இரண்டு பேருக்கும் அது கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வேறு ஊர்கள், அதே பிழை

2016 டிசம்பரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் 14 பேர் டெத் கேப் சாப்பிட்டு நோயுற்றார்கள். அங்கேயும் அது ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய காளான்தான். அங்கேயும் வழக்கத்தைவிட முன்னதாகவே பெய்த மழை. மூன்று பேருக்குக் கல்லீரல் மாற்று நடந்தது. அவர்களில் ஒருவர் 18 மாதக் குழந்தை. உயிர் பிழைத்தாலும் அந்தக் குழந்தைக்கு நிரந்தர நரம்புப் பாதிப்பு தங்கிவிட்டது. அந்தக் குடும்பம் தாங்களாகப் பறிக்கக்கூட இல்லை. வேறொருவர் மலையில் பறித்துக் கொடுத்த காளானைச் சமைத்தார்கள். பறித்தவர் கையிலிருந்து வேறு கைக்கு மாறியதும், முளைத்த இடம், மரம், அடிப்பை எல்லாம் காணாமல்போய்விடுகின்றன. சமைக்கிறவர் கையில் இருப்பது வெறும் வெள்ளைத் துண்டுகள். பரிசாக வரும் காட்டுக்காளானை வாங்காதீர்கள். கொடுப்பவர் மாமாவாக இருந்தாலும்.

நம் நாட்டில் 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். பலர் ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கோடு நின்றுவிடும் என்று நினைத்து, மருத்துவமனைக்கு வரத் தாமதமாகிவிட்டது. இவர்களைப் ‘படிக்காதவர்கள்’ என்று ஒதுக்கிவிட்டுப் போவது அநியாயம். தலைமுறையாகக் காளான் பறித்துச் சாப்பிட்டு வருகிறவர்கள்தான் அவர்களும். கூலி போதாத வீட்டில் மழைக்காலக் காளான் கறி என்பது இலவசமாகக் கிடைத்த இறைச்சி.

வெள்ளிக்காசு, நத்தை, கைப்பேசி

விஷக்காளானோடு வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்தால் காசு கறுக்கும் என்று நம்மிடமும் சொல்வார்கள். ஐரோப்பாவிலும் நூற்றாண்டுகளாகச் சொல்கிறார்கள். வெள்ளி கந்தகத்தைத் தொட்டால் கறுக்கும். அமாடாக்சினுக்கு அது அசையாது. பூண்டு நிறம் மாறும் என்பதும் அப்படியே. நத்தையும் புழுவும் அரித்த காளான் நல்லது என்பது இன்னும் ஆபத்து. டெத் கேப்பை நத்தைகள் சுகமாகத் தின்னும், அவற்றின் உடல் வேறு. தொப்பித் தோல் உரிந்தால் நல்ல காளான் என்பார்கள். டெத் கேப்பின் தோலும் உரியும்.

இந்த வரிசையில் இப்போது கைப்பேசிச் செயலியையும் சேர்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் தொப்பி மட்டும்தான் விழும். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பை விழாது, வித்துத்தூளின் நிறம் விழாது, வாசனை விழாது. ஆர்வத்துக்குப் பெயர் தேட அது உதவலாம். அடுப்புக்குப் போகும் முடிவை அதனிடம் விடக் கூடாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

தண்டை மேலாகக் கிள்ளிப் பறிக்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். அடிப்பை மண்ணுக்குள் இருந்தால் கிள்ளிய கையோடு முக்கியமான சாட்சி மண்ணிலேயே தங்கிவிடும். சிறு கத்தியைத் தண்டுக்கு இரண்டு விரல் தள்ளிச் செருகி, மண்ணோடு நெம்பி எடுங்கள். விரலால் மண்ணை மெதுவாக உதிர்த்தால், பை இருக்கிறதா, குமிழ் போல வீங்கியிருக்கிறதா, அல்லது வேர் போல நீண்டு கீழே போகிறதா என்று தெரியும். நம் ஊர்ப் புற்றுக்காளானுக்கு இந்த நீண்ட வேர்ப்பகுதிதான் முகவரி: கரையான் தன் புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கும் அடுக்குவரை அது இறங்கியிருக்கும். இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்றோரம் திரிகிற பெரியவர்கள் அந்த வேர் அறுபடாமல் தோண்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய நிதானம் அதில் இருக்கிறது.

அடுத்து வித்துப் பதிவு. விரிந்த காளானின் தண்டைத் தொப்பிக்கு ஒட்ட வெட்டிவிடுங்கள். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு தாள். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது என்பதற்காக இந்த ஏற்பாடு. செவுள் பக்கம் கீழே இருக்கும்படி தொப்பியைத் தாளின் நடுவில் வைத்து, காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். இரவு வைத்தால் காலையில் செவுள்களின் ஆரக்கோடுகள் அப்படியே தூளில் பதிந்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, பச்சை என்று நிறம் பளிச்சென்று தெரியும்.

பச்சையா என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் புல்வெளிகளில் மழைக்குப் பின் வெள்ளைக் குடை விரித்து, மேலே பழுப்புச் செதில்களோடு நிற்கும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸின் வித்துத்தூள் பச்சை. இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான். பார்க்க ஆசையைத் தூண்டும். சாப்பிட்டால் பொதுவாக ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வரும். உயிர் போவது அரிது. மருத்துவமனைக்குப் போவது உறுதி. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் பைன் மரத்தடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளிகளோடு வரும் அமானிட்டா மஸ்காரியாவும் வெளியிலிருந்து மரத்தோடு வந்ததே. தோட்டக்கலைக்காக, காகிதத்துக்காக, அழகுக்காக அந்நிய மரம் நட்ட மலைகளில் எல்லாம் கான்பெர்ராவின் பாடம் பொருந்தும்: பாட்டி காலத்தில் அங்கே இல்லாத காளான் இன்று இருக்கலாம்.

வித்துத்தூளின் நிறம் ஒன்றை மட்டும் வைத்து இது உண்ணத்தக்கது என்று முடிவுகட்ட முடியாது. அது தவறான ஊகங்களை வெட்டத்தான் உதவும். அடி, தண்டு, வளையம், செவுள், வித்து, மரம், மண் இவற்றில் ஒன்று இடித்தாலும் கூடையில் போடாதீர்கள். எல்லாம் பொருந்தினாலும், அந்த வட்டாரத்தில் அந்தக் காளானைப் பல பருவம் பறித்த ஒருவர் நேரில் பார்த்து ஒப்பாமல் சமைக்காதீர்கள். வெவ்வேறு வகைகளை ஒரே பையில் கலக்கவும் வேண்டாம்; ஒடிந்த துண்டுகள் கலந்தால் பிரிக்க வழியில்லை.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்

காட்டுக்காளான் சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால், அதை அமாடாக்சின் என்றே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சீக்கிரமே வாந்தி வந்தாலும் ஆறுதல் அடைய முடியாது. ஒரே கறியில் இரண்டு வகை கலந்திருக்கலாம். 108-ஐ அழைத்து, கல்லீரல் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையாகக் கேளுங்கள். கூடச் சாப்பிட்ட எல்லாரையும் அழைத்துப் போங்கள், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறவரையும், குழந்தையை முதலாகவும். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது முதல் வாந்தி வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். மிஞ்சிய காளான், சமைத்த கறி, அரிந்து போட்ட அடித்துண்டு என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்காத காளானைக் காகிதத்தில் சுற்றுங்கள். பாலித்தீனில் அது சில மணி நேரத்தில் அழுகிவிடும். பறித்த இடமும் அங்கே நின்ற மரமும் யாருக்காவது தெரிந்தால் அவரையும் கையோடு அழைத்துப் போங்கள். மறுநாள் வாந்தி நின்று, நோயாளி வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தால், கல்லீரல் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை படுக்கையை விட்டு எழ விடாதீர்கள்.